கைபேசிக்கு இணையதளம்: முதலாளி கண்ணில் படாத தவறுகள்

ஒரு விடுதிக்கோ கடைக்கோ இணையதளம் செய்து முடித்தால், பார்த்துத் தலையசைப்பவர் முதலாளி. அவர் அதைப் பார்ப்பது குளிரூட்டிய அறையில், பெரிய திரையில், வேகமான வைஃபையில். வாடிக்கையாளரோ கடலூர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பார். இல்லையென்றால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், உச்சி வெயிலில். எங்கள் வட்டாரத்துத் தளங்களில் நான் காணும் தவறுகளில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம். சோதித்துப் பார்த்த இடம் வேறு, பயன்படும் இடம் வேறு.

வெயிலிலிருந்தே தொடங்கலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்பது வடிவமைப்பாளர்களுக்கு ஏனோ பிடித்துப்போன அழகு. அறைக்குள் அது நாகரிகமாகத் தெரியும். கடற்கரையில் காணாமல் போய்விடும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடாவது வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்ச அளவு. எங்கள் ஊர் வெயிலுக்கு அதைவிடக் கூடுதலாகவே வைக்கலாம்.

அடுத்தது, பக்கத்தை விரலால் பெரிதாக்க விடாமல் பூட்டிவைப்பது. 2007இல் வந்த ஐபோன், கணினிக்காகச் செய்த பக்கங்களை 980 பிக்சல் அகலம் கொண்டவையாக எண்ணிச் சுருக்கிக் காட்டியது. திரையின் அகலத்துக்கு ஏற்ப அடுக்கச் சொல்லும் வியூபோர்ட் என்ற ஒற்றை வரிக் குறிப்பு அதையொட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே வரியின் வாலில் ‘பெரிதாக்கக் கூடாது’ என்ற கட்டளையையும் பலர் ஒட்டிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், படிவத்தில் விரல் வைத்ததும் பக்கம் தானாகப் பெரிதாகித் தொல்லை தருகிறது என்பார்கள். ஐபோன் அப்படிச் செய்வது, பெட்டிக்குள் இருக்கும் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருக்கும்போதுதான். எழுத்தை 16 ஆக்கினால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு, வெள்ளெழுத்து வந்தவர்கள் கட்டண விவரத்தைப் படிக்கவே முடியாதபடி செய்வது என்ன நியாயம்? 2016இலிருந்து ஐபோனின் சஃபாரி உலாவி இந்தத் தடையை மதிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் இன்றும் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. நம் மக்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான்.

திறந்ததும் திரையை மறைக்கும் ‘எங்கள் செயலியைத் தரவிறக்குங்கள்’ பலகையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தேடலிலிருந்து வருகிறவருக்கு முதல் பார்வையிலேயே உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களை 2017 ஜனவரி முதல் கூகுள் தரவரிசையில் இறக்கலாம். அதற்கு மேலும், பண்ருட்டி முந்திரிப் பருப்பு வாங்க வருகிறவருக்குத் தனிச் செயலி எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

படிவங்கள்தான் உண்மையான வதை.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள், இரண்டும் கட்டாயம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். இரண்டாவது பெட்டியில் ‘க’ என்று போட்டால், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் கண்டிக்கிறது. வேறு வழியின்றி அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார்கள். ஆதாரில் அது அப்படி இருக்காது; அறை எடுக்க வந்து நிற்கும்போது வரவேற்பு மேசையில் பேச்சு வளர்கிறது. பெயருக்கு ஒரே பெட்டி போதும், அதில் எத்தனை எழுத்து போட்டாலும் ஏற்க வேண்டும்.

மாநிலப் பட்டியல் இன்னொரு கூத்து. 2006இல் பெயர் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆன பிறகும் சில பட்டியல்களில் பாண்டிச்சேரிதான். சிலவற்றில் ஒன்றியப் பிரதேசங்களை மேற்கு வங்கத்துக்கும் கீழே தனியாகத் தள்ளிவைத்திருப்பார்கள். கட்டைவிரல் நோகும் வரை உருட்ட வேண்டும். அஞ்சல் குறியீட்டை வைத்து மாநிலத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் தளங்கள் புத்திசாலித்தனமாகத் தோன்றும், ஆனால் இங்கே தடுமாறிவிடும். புதுச்சேரி நகரம் 605001. அதே 605இல் தொடங்கும் 605602 விழுப்புரம், தமிழ்நாடு. மறுபுறம் கிருமாம்பாக்கத்துக் குறியீடு கடலூரைப் போல 607இல் தொடங்கும், ஊரோ புதுச்சேரியைச் சேர்ந்தது. பாகூர் பக்கம் இரு மாநிலத்து ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. அதனால் குறியீட்டின் முதல் மூன்று இலக்கத்தை நம்பி மாநிலத்தை முடிவுசெய்யாதீர்கள். யூகித்து நிரப்பினாலும் பயனர் மாற்றிக்கொள்ள இடம் விடுங்கள். நிரப்பிப் பூட்டிவைத்த பெட்டியைப் போல் எரிச்சலூட்டுவது வேறில்லை.

ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு (ஓடிபி) ஆறு தனித்தனிக் கட்டங்கள் போடுவது பார்க்க அழகாக இருக்கலாம். குறுஞ்செய்தியில் நகலெடுத்து வந்து ஒட்டினால் முதல் கட்டத்தில் ஓர் இலக்கம் மட்டும் விழுகிறது. ஒரே பெட்டி வைத்து, இது ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கான பெட்டி என்று நிரலில் ஒரு குறிப்பும் சேர்த்தால், வந்த எண்ணை விசைப்பலகைக்கு மேலேயே கைபேசி எடுத்துக் காட்டும். எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை வர வேண்டும் என்பதையெல்லாம் இன்னும் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

இனி தமிழ். ஆங்கிலத்தில் செய்து முடித்த பக்கத்தில் கடைசி வாரத்தில் தமிழை ஊற்றினால் என்னாகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிந்த பொத்தானில் ‘முன்பதிவு செய்க’ என்று எழுதினால் பாதி வெளியே வழிகிறது. வரிகளை நெருக்கிவைப்பதால் மேல்வரியின் ‘ஞூ’ கீழ்வரியின் ‘கீ’ தலையில் இடிக்கிறது. எழுத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளியாவது தமிழுக்கு வேண்டும். எந்த இடத்திலும் சொல்லை உடைக்கலாம் என்று விட்டால் ‘திருப்பாதிரிப்புலியூர்’ வரியோரத்தில் கண்ட இடத்தில் முறிந்து விழும்.

நிரலாளர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘புதுச்சேரி’ நமக்கு ஐந்தெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது பத்துக் குறியீடுகள், ஏனென்றால் ஒவ்வோர் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் கணக்கு. பட்டியலில் ஏழுக்கு மேல் வெட்டு என்று நிரலில் எழுதியிருந்தால் திரையில் நிற்பது ‘புதுச்ச’. ஊர்ப்பெயரும் முகவரியும் எழுதும் பெட்டிகளுக்கு ஆங்கிலக் கணக்கில் அளவு வைத்தால் தமிழில் எழுதுகிறவர் பாதியில் நிறுத்தப்படுவார். குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 குறியீடுகள். முன்பதிவு உறுதிச் செய்தியில் வாழ்த்துரை எழுதிக்கொண்டிருந்தால் அறை எண் இரண்டாவது செய்திக்குப் போய்விடும்.

தமிழில் அடிக்கச் சோம்பி அறிவிப்பை அப்படியே படமாகப் போடும் வழக்கம் எல்லாவற்றிலும் மோசம். உணவகத்தில் மேசைமேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் படம்பிடித்தால் ஏ4 தாள் பிடிஎஃப் திறக்கும். இட்லியின் விலையைப் பார்க்கப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அது வெறும் பசியோடு முடிந்துபோகட்டும். புயல் நாளில்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அப்படிப்பட்ட நாள்களில் மின்சாரம் இருக்காது, கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துகொண்டிருக்கும், இணைப்பு விட்டு விட்டு வரும். 600 குறியீடுகளில் எழுதிய தமிழ் அறிவிப்பு ஏறத்தாழ 1.8 கிலோபைட்தான். அதையே வண்ணப் படமாக்கினால் பல நூறு கிலோபைட் ஆகிவிடும். அந்தப் படத்தைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்காது, தேடினாலும் அகப்படாது. எழுத்தை எழுத்தாகப் போடுங்கள். படமும் வேண்டுமென்றால் அது கீழே இருக்கட்டும்.

சோதிப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியை எடுத்து, அமைப்புகளில் எழுத்தளவை உச்சத்துக்கு உயர்த்தி, வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தில் நீங்களே ஓர் அறையை முன்பதிவு செய்து பாருங்கள். கட்டைவிரலை மட்டும் பயன்படுத்துங்கள். நாட்காட்டியில் 14ஐத் தொட்டால் 21 விழுகிறதா என்று பாருங்கள். விரல் தொடும் இடத்துக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு 44 புள்ளிகள். டபிள்யூ3சி 2023இல் வெளியிட்ட நெறிகளில்கூட 24 பிக்சல் கேட்கிறார்கள்.

எங்கள் வட்டாரத்து விடுதித் தளங்களுக்கு வருகிறவர்களில் பலர் கடைசியில் தேடுவது தொலைபேசி எண்ணைத்தான். அதையும் படமாக வரைந்துவைக்காமல், தொட்டால் அழைப்புப் போகும் இணைப்பாக வையுங்கள். புதுச்சேரியின் 0413 என்றோ கடலூரின் 04142 என்றோ சுழியத்தில் தொடங்கினால் வெளிநாட்டிலிருந்து தொடுகிறவருக்கு இணைப்பு கிடைக்காது. புதுச்சேரிக்காரர்களின் உறவினர் எத்தனையோ பேர் பிரான்சில் இருக்கிறார்கள். நிரலில் எண்ணை +91 413 என்றோ +91 4142 என்றோ தொடங்குங்கள். உள்ளூர்க்காரருக்கும் அது அப்படியே வேலை செய்யும்.