ஏசி போட்டால் கார் உதறுகிறதா? கேஸ் கசிவையும் ஐடிலிங் கோளாறையும் நீங்களே பார்ப்பது எப்படி

கூலிங் குறைந்துவிட்டது, சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. கோடையில் இந்த இரண்டு புகாரும் சேர்ந்தே வரும். ஒன்றுக்கு ஏசி கேஸ், இன்னொன்றுக்கு த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) கிளீனிங் என்று இரண்டு பில் போடுவதற்கு முன்னால், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நான் சொல்வது, இன்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசரும் (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) ஆர்134ஏ என்ற ஏசி கேஸும் உள்ள சாதாரண பெட்ரோல் காருக்கு.

முதலில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் சூடானதும் ஏசியை அணைத்துவிட்டு ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) முள்ளைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் அது 700 முதல் 900க்குள் ஆடாமல் நிற்க வேண்டும். ஏசி இல்லாமலே உதறினால் கோளாறு இன்ஜின் பக்கம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அடுத்து ஏசியைப் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வைத்து, பானெட்டைத் திறங்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். கம்ப்ரசரின் முன்தட்டைப் (கிளட்ச்) பாருங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு அது புல்லியோடு (பெல்ட் ஓடும் சக்கரம்) சேர்ந்து சுற்றும். அந்த நொடியில் ஆர்பிஎம் லேசாக இறங்கி உடனே சரியானால் கவலையில்லை.

நல்ல வெயிலில் இந்தத் தட்டு ஒட்டினால் வெகுநேரம் சுற்ற வேண்டும். சில நொடிக்கு ஒருமுறை டக், டக் என்று ஒட்டி விடுகிறதா? கேஸ் குறைவு என்பதுதான் முதல் சந்தேகம். கேஸ் குறைந்தால் பிரஷர் சட்டென்று விழும், சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும், பிரஷர் ஏறியதும் மறுபடி ஒட்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜின் மேல் சுமை ஏறி இறங்குகிறது. உங்கள் உதறல் அந்த 'டக்'கோடு சேர்ந்தே வந்தால் விஷயம் புரிந்துவிட்டது. தட்டு ஒட்டவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலேயையும் பார்க்கணும். சில புது கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது, அங்கே இந்தச் சோதனை உதவாது.

இப்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கசிவைத் தேடுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் ஆயில் படிந்து, தூசி ஒட்டி, கறுப்புப் பிசுக்காக நிற்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: கிரில்லுக்குப் பின்னால் உள்ள கண்டென்சர் (கல் அடிபடுவது அங்கேதான்), பைப் ஜாயின்ட்கள், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வால்வுகள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஓரிரு நிமிடம் பொறுங்கள், குமிழி மெல்ல ஊதும். மிகச் சிறிய கசிவு இதில் சிக்காது. வண்டிக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் கசிவல்ல, கூலிங் காயிலில் படிகிற ஈரம்தான்.

எந்த ஜாயின்ட்டையும் ஸ்பானர் போட்டுக் கழற்றாதீர்கள். இன்ஜின் ஓடாதபோதும் உள்ளே பிரஷர் இருக்கும். பீறிட்டு வரும் கேஸ் தோலை உறைய வைக்கும், கண்ணைக் கெடுக்கும்.

ஏசி இல்லாமலே உதறுகிறவர்கள்: முள் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுன்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) மேல்தான் முதல் சந்தேகம். முள்ளும் ஆடினால் காரணம் வெடித்த வேக்யூம் ஹோஸ் (இன்ஜின் காற்றை இழுக்கும் ரப்பர் குழாய், 'உஸ்' சத்தம் கேட்கும்), கரி படிந்த த்ராட்டில் பாடி, தேய்ந்த ஸ்பார்க் பிளக் என்று ஏதாவது ஒன்றாக இருக்கலாம். ஹோஸ் கசிவைக் கண்டுபிடிக்க பெட்ரோல் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

கசிவு இருப்பது உறுதியானால் கடையில் "டாப்-அப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். நைட்ரஜன் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகு வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ, அதை எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.