சீனாவின் ஏற்றுமதிக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட நகரத்தார் வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த பழைய ஜப்பான் டைல்ஸைத் திருப்பிப் பார்த்தால், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற எழுத்து முதுகில் புடைத்து நிற்கும். அந்த டைல்ஸுக்கு அந்த முத்திரை போதும். இன்றைய கைபேசிப் பெட்டியில் உள்ள ‘சீனத் தயாரிப்பு’ என்ற வரியையும் அதே நம்பிக்கையோடு படிப்பதுதான் முதல் தவறு. என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுவே.

2009 ஆம் ஆண்டின் ஐபோனை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர் என்றும், அதில் சீனாவில் பாகங்களைப் பொருத்தியதற்கான செலவு சுமார் 6.50 டாலர் மட்டுமே என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எஞ்சிய தொகை பெரும்பாலும் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பாகங்களுக்குப் போயிற்று. சுங்க ஏட்டிலோ முழு விலையும் சீனாவின் ஏற்றுமதியாகவே ஏறியது. அதற்காக அந்தப் பழைய கணக்கை இன்றும் எடுத்துச் சொல்லி, சீனா வெறும் பொருத்திக் கொடுக்கும் கூடம் என்று முடிவு கட்டுவதும் பிழையே. இடைப்பட்ட ஆண்டுகளில் திரை, பேட்டரி உள்ளிட்ட பல பாகங்களை அந்நாடே செய்யத் தொடங்கிவிட்டது.

பொம்மையும் பிளாஸ்டிக் சாமானும்தான் சீனச் சரக்கு என்ற எண்ணமும் காலாவதியானது. 2001 இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, 2009 இல் ஜெர்மனியை முந்தி உலகின் முதல் சரக்கு ஏற்றுமதி நாடான சீனா, 2023 இல் வாகன ஏற்றுமதியில் ஜப்பானையும் முந்தியது. 2024 இல் அதன் ஏற்றுமதியில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு இயந்திரங்களும் மின், மின்னணுப் பொருள்களும்தாம். பேட்டரி ஆய்வு நடைபெறும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி நம் காரைக்குடியிலேயே இருக்க, லித்தியம் பேட்டரி செல்களுக்கு நம் நாடு பெரும்பாலும் சீனாவையே நம்பியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

செட்டிநாட்டில் வளர்ந்த எவருக்கும், வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்ட பேரேடு பேரேடே அல்ல என்பது தெரியும். இருந்தும் சீனா விற்பதைப் பார்ப்பவர்கள் அது வாங்குவதைப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதும் பிரேசிலின் சோயாவும் அங்கே கப்பல் கப்பலாகப் போகின்றன. அண்மை ஆண்டுகள் பலவற்றில் கச்சா எண்ணெயைக் காட்டிலும் கணினிச் சில்லுகளுக்கே சீனா அதிகம் செலவிட்டிருக்கிறது.

2024-25 இல் சீனாவுடனான நமது வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 99 பில்லியன் டாலர். இதை முழுவதும் வீண்செலவாகக் கருதுவது சரியன்று. மருந்து மூலப்பொருள்களும் மின்னணுப் பாகங்களும் இயந்திரங்களும் அதில் பெரும்பங்கு. நம் ஆலைகள் அவற்றைக் கொண்டே பொருள் செய்து விற்கின்றன. கவலைக்குரியது தொகையைவிட, அவற்றுக்கு மாற்று விற்பனையாளர் கிடைக்காத நிலை.

இரு நாட்டுப் புள்ளிவிவரங்களும் ஒத்துப்போகவில்லை என்றதும் யாரோ மறைக்கிறார்கள் என்று ஐயுறுவதும் வழக்கமாகிவிட்டது. சீனத் துறைமுகமான நிங்போவில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, தூத்துக்குடியில் இறங்கும் ஒரு கன்டெய்னருக்குச் சீனா எழுதுவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. நாம் எழுதுவது அதனுடன் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலை. போதாததற்கு, அவர்கள் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது.