மாஸ்டர் செக்கப் முடிந்தது, அப்புறம்? இதயப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைவாசிகளிடம் நடந்த ‘கியூர்ஸ்’ என்ற மருத்துவ ஆய்வின் ரத்த அழுத்தக் கணக்கு 2007ல் வெளியானது. ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அப்படி ரத்த அழுத்தம் உள்ள மூன்று பேரில் ஒருவருக்குத்தான் தனக்கு அது இருப்பதே தெரிந்திருந்தது. 2020ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற சுகாதாரக் கணக்கெடுப்பிலோ, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை உள்ளவர்களில் அது 10.8 சதவீதம்.

நோயாளிகள் கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் சென்னைக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கிரீம்ஸ் ரோடு பக்கம் லாட்ஜில் தங்கி, இதயத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களை சென்ட்ரலிலிருந்து ஏற்றிவந்த ஆட்டோக்காரரிடம் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று கேட்டால், கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

“ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை” என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடு கிடையாது. யார் கூப்பிடுகிறார்கள், எந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், எப்படி அளக்கிறார்கள், அளந்த பிறகு யார் விசாரிக்கிறார்கள் என்ற நாலும் ஒழுங்காக இருக்கும் இடத்தில் ஜனம் வரத்தான் செய்கிறது. ஆகவே கீழே வரும் தவறுகளில் சில நம்முடையவை, சில முகாம் போடுபவர்களுடையவை.

வலி வரட்டும் என்று காத்திருப்பது

ரத்த அழுத்தம் வலிக்காது. எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் வலிக்காது. சர்க்கரை ஆரம்பத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாது. “நல்லாத்தானே இருக்கேன், நோண்டினா ஏதாவது வரும்” என்று சொல்பவர்தான் இந்தப் பரிசோதனைக்கே உரிய ஆள். நம் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே வருகிறது. பல நாடுகளில் நடந்து 2004ல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ மாரடைப்பு ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப்பேருக்கு அது சுமார் 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. அரசாங்கத் திட்டத்தில் 30 வயதிலிருந்தே பிரஷர், சுகர் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. ரிட்டையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதைக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. நெஞ்சு அழுத்துகிறது, இடது கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டில் “கேஸ்தான், சோடா குடி” என்கிறார்கள், மகன் அடுத்த ஞாயிறுக்கு ஆன்லைனில் ஒரு ஹார்ட் பேக்கேஜ் புக் செய்கிறான். அறிகுறி வந்த பிறகு பேக்கேஜுக்கு வேலையே இல்லை. 108க்குப் போன் செய்து எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக, அசதியாக, குமட்டலாகக்கூட வரலாம்.

விலையை வைத்துப் பேக்கேஜைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் மாதம் லேப் வாசலில் கூட்டம் கூடும். வருமான வரியின் பழைய முறையில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும். வரிக்காகவாவது ஒரு நாள் ரத்தம் கொடுக்கிறார்களே என்று எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கவுன்ட்டரில் நீட்டும் அட்டையில் கோல்டு, டயமண்டு, பிளாட்டினம் என்று 60 டெஸ்ட், 80 டெஸ்ட் போட்டிருக்கும். இதயத்துக்கு அதில் தேவைப்படுவது ஒரு கைப்பிடிதான்: பிரஷர், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, லிபிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புக் கணக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தைக் காட்டுவது). இவற்றோடு இரண்டு கேள்விகள். பீடி, சிகரெட், புகையிலை உண்டா? அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55க்கு முன்னால், அம்மா, அக்கா, தங்கைக்கு 65க்கு முன்னால் இதய நோய் வந்ததா? கேள்விக்குக் காசு கிடையாது. அதனாலோ என்னவோ பல பேக்கேஜ்களில் அது இருப்பதும் கிடையாது.

இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80க்கும் மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட ஆபத்து அட்டவணைகளில் ஒன்றுக்கு ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், பிரஷர், உயரம், எடை தெரிந்தால் அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ஈசிஜி நார்மல் என்று வந்ததும் “ஹார்ட் கிளியர்” என்று வீட்டுக்கு வந்து பிரியாணி ஆர்டர் செய்பவர்கள் உண்டு. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி அந்தச் சில நொடிகளைத்தான் காட்டும். காலை ஆறு மணிக்குக் கத்திப்பாரா சந்திப்பைப் பார்த்துவிட்டு இங்கே நெரிசலே கிடையாது என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது அது. ரத்தக் குழாயில் பாதி அடைப்பு இருந்தும் ஈசிஜி ஒழுங்காக வரலாம். மறுபக்கம், எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத 35 வயதுப் பெண்ணைப் பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக டிரெட்மில்லில் ஓட விட்டால், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி ஆஞ்சியோ வரை இழுத்துக்கொண்டு போகலாம். டிரெட்மில், சிடி ஸ்கேன் எல்லாம் டாக்டர் ஆளைப் பார்த்து எழுத வேண்டியவை.

பிரஷரைப் போகிற போக்கில் அளப்பது

கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை காலை முகாம். படியேறி வந்தவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். வெளியே டீயும் சிகரெட்டும் முடித்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டியதில் துணி மேல்கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் மேலேயே பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றுகிறார்கள். கை அந்தரத்தில் தொங்குகிறது. காற்று ஏறும்போதே “பேரு சொல்லுங்க, வயசு, போன் நம்பர்” என்று அடுத்த மேசைப் பெண் கேட்கிறார், இவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் 40 பேர். மெஷினில் 156/98.

இந்த எண்ணில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மண்டபத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பேசினால் ஏறும், கை தொங்கினால் ஏறும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். சரியான முறை அலுப்பூட்டுகிற அளவுக்கு எளிது. அரை மணி நேரமாகக் காபி, டீ, சிகரெட் இல்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, கால் மேல் கால் போடாமல். கை மேசை மேல், இதயத்தின் உயரத்தில். துணி இல்லாத மேல்கை. வாய் மூடி இருக்க வேண்டும், அளப்பவருக்கும் சேர்த்துத்தான். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை.

அந்த 156ஐ வைத்து இரண்டு தவறுகள் நடக்கும். அங்கேயே மாத்திரை எழுதிக் கொடுப்பது ஒன்று. “டென்ஷன்ல ஏறியிருக்கும், விடுங்க” என்று அனுப்பிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் நம்மூரில் அதிகம், ஆபத்தும் அதில்தான் அதிகம். வேறொரு நாளில் மறுபடி பார்த்து, அப்போதும் 140/90க்கு மேல் இருந்தால் அது டென்ஷன் இல்லை, ரத்த அழுத்தம். மேல் எண் 180ஐத் தாண்டினால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மெஷின் வாங்குபவர்கள் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

வர முடியாத நேரத்தில் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்பது

தெருமுனையில் பிளெக்ஸ், “அனைவரும் வருக”, காலை 9 முதல் 1 வரை. கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் விடியும் முன்னே வேலை தொடங்கி அந்த நேரத்தில்தான் கண் அயர்வார். நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மா அப்போது மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். தினக்கூலிக்காரருக்கு இலவச முகாமின் விலை ஒரு நாள் கூலி. இதை விழிப்புணர்வுக் குறை என்று எழுதுவது அநியாயம்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வது இன்னொரு தடை. லிபிட் பார்க்கப் பட்டினி கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது பெரும்பாலானவர்களுக்கு இல்லை, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் எடுப்பார்கள். சர்க்கரைக்கு, சுமார் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எடுத்தால் அதற்கும் பட்டினி வேண்டாம், சாப்பிட்டபின் இரண்டாவது முறை வரவும் வேண்டாம். ஏற்கெனவே சுகர் மாத்திரை போடுபவரை 11 மணி வரை டோக்கனோடு பசியில் உட்கார வைத்தால் மயங்கி விழலாம்.

பயமும் இருக்கிறது. கம்பெனியில் முகாம் என்றால் ரிப்போர்ட் எச்ஆர் கைக்குப் போகுமோ என்று ஓஎம்ஆர் ஊழியர் நினைக்கிறார். அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்களோ என்று டிரைவர் நினைக்கிறார். முடிவு உங்கள் கைக்கு மட்டும்தான் வரும் என்று எழுத்தில் கொடுக்காமல், ஆள் குறைவு என்று நிர்வாகம் வருத்தப்படக் கூடாது.

இங்கிலாந்தில் 2009லிருந்து 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை இலவச இதயப் பரிசோதனை. கடிதம் வீடு தேடிப் போகும். அப்படியும் பாதிப்பேர் போல வருவதில்லை. மெட்வே என்ற பகுதியில் நீளமான கடிதத்தைச் சுருக்கி, அடியில் தேதியும் நேரமும் எழுதிக் கிழித்து வைத்துக்கொள்ள ஒரு துண்டு சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவர்கள் சில சதவீதம் கூடினார்கள். பெரிய விஷயமில்லை, ஆனால் காகிதத்தைத் தவிர வேறு செலவில்லை.

நம்மிடம் கடிதத்தைவிட வலுவான ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதே பகுதியைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வியாசர்பாடிப் பக்கம் ஒரு வாசலில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, போன வாரமே சொன்னேன்ல? உக்காருங்க, கைய நீட்டுங்க.”

“இப்ப வேணாம்மா, சவாரி இருக்கு.”

“அஞ்சு நிமிசம்ணே. அண்ணிக்குப் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி.”

தெரிந்த முகம் பேர் சொல்லிக் கேட்டால் மறுக்க முடிவதில்லை. எந்த பிளெக்ஸாலும் இது முடியாது. நேரப் பிரச்சினைக்கும் ஓரளவு வழி உண்டு. 2023 ஜூனில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் என்ற நேரக் கணக்கில் வந்தவை. அந்த மாலை நேரம் பல பேருக்கு இன்னும் தெரியாது. பிளெக்ஸ் அடிப்பவர்கள் முதலில் அதை அடிக்கலாம்.

ரிப்போர்ட்டை பீரோவில் வைப்பது

பரிசோதனை முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிடும். பதினெட்டுப் பக்கம், நடுவில் சிவப்பு எழுத்தில் சில எண்கள், கடைசியில் மருத்துவரை அணுகவும் என்று ஒரு வரி. எந்த மருத்துவரை? அச்சடித்த காகிதம் லேபின் பெயர் போட்ட பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடும். அடுத்த வருடம் வேறு லேபில் வேறு தள்ளுபடி. பழைய எண்ணைப் புதிய எண்ணோடு ஒப்பிட ஆளே இல்லை.

பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்த அந்த 7.3 சதவீதம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்குப் பெரிய காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அளப்பது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் செய்ய வேண்டியவைதான் விட்டுப்போகின்றன. மாத்திரை தொடங்கியவரும் இரண்டு மாதத்தில் “நார்மல் வந்துடுச்சு, நிறுத்திட்டேன்” என்பார். மாத்திரையால்தான் நார்மல் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை லிவரைக் கெடுக்கும் என்று குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வரும், அன்றோடு அதுவும் நிற்கும். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயமுறுத்தினால் கேட்பார்கள் என்று “இன்னும் ரெண்டு வருஷத்துல அட்டாக்தான்” என்று பேசும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டவர் அடுத்த முறை அந்த வாசலையே மிதிக்க மாட்டார்.

கையில் பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும், இப்போது போடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குடும்ப டாக்டரிடமோ போய் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? எல்டிஎல் எவ்வளவுக்குள்? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? பதில்களை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வாங்குங்கள். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்க அலைய முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம்.

அபார்ட்மென்ட் சங்கம், ஆபீஸ், கோயில் கமிட்டி என்று முகாம் நடத்துபவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணோடு போட்டோ போடுகிறார்கள். மண்டபம் கொடுக்கும் முன் முகாம் போட வரும் ஆஸ்பத்திரியிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: பிரஷர் 140க்கு மேல் வந்தவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கும், ஒரு மாதம் கழித்து அவர்களுக்கு யார் போன் செய்வார்கள்? ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் வேறு ஆஸ்பத்திரியைப் பாருங்கள்.