டிடெக்‌ஷன் ரூல கிட்ல வச்சு ஓட்டணுமா, டெஸ்ட்ல இருந்து தொடங்குங்க

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைல வீட்ல உக்காந்தே வெளியூர் கம்பெனிக்கு எஸ்ஓசி (கம்பெனி மிஷின்ல எவனாச்சும் நொழையுதானான்னு லாக பாத்துக்கிட்டே இருக்க டீம்) ஷிப்ட் பாக்குத பிள்ளைய நெறைய கெடக்கு நம்மூர்ல, அவியளுக்கு தான் இது. லாக்ல எது வந்தா அலர்ட் அடிக்கணும்னு எழுதி வைக்குதது தான் ரூலு. அத கோடு மாதிரி வச்சுக்கிடணும்னு சொன்ன ஒடனே எல்லாரும் பைப்லைன் (ரூல தானா ஏத்துத ஏற்பாடு) கட்ட ஓடுதாவ. டெஸ்ட் இல்லாம பைப்லைன் கட்டினா தப்பான ரூலு வெரசா ப்ரொடக்‌ஷனுக்கு போவும், அம்புட்டு தான்.

மொதல்ல ஒரு கிட் ரெப்போ (யாரு எப்ப என்ன மாத்தினாவன்னு கணக்கு வைக்குத ஃபோல்டர்), ரூல் எல்லாம் சிக்மா ஃபார்மட்ல. 2017ல வந்த ஓப்பன் ஃபார்மட், வெறும் யாமல்ங்குத டெக்ஸ்ட் ஃபைல் தான், ஒருக்க எழுதிட்டா ஸ்ப்ளங்க், எலாஸ்டிக்னு எந்த சீமுக்கு (லாக ஒரே எடத்துல சேத்து அலர்ட் அடிக்குத சாஃப்ட்வேர்) வேணும்னாலும் சிக்மா சிஎல்ஐங்குத டூல் மாத்திக் குடுத்துரும் (பழைய டூல் சிக்மாக்க வச்சு எவனாச்சும் வீடியோ போட்டிருந்தா விட்ருங்க அண்ணாச்சி, அது ரிட்டயர் ஆயிட்டு). ஒரு ஃபைலுக்கு ஒரு ரூலு, ஐடிய மட்டும் ஒருக்க வச்சா மாத்தப்பிடாது.

இப்ப ஒரு ரூல எடுத்துக்கிடுவோம். விண்டோஸ் பவர்ஷெல்ல பேஸ்64ங்குத எழுத்துமுறைல கமாண்ட ஒளிச்சு ஓட்டுதத பிடிக்கணும். கமாண்ட்லைன்ல "-என்க்" ("-என்கோடட்கமாண்ட்"ங்குததோட சுருக்கம்) இருந்தா அலர்ட்னு எல்லாரும் எழுதுவாவ. ஜவுளிக்கடை அக்கவுண்ட்ஸ் மிஷின்ல ராத்திரி ரிப்போர்ட் எடுக்குத ஸ்கிரிப்ட்ல "-என்கோடிங் யுடிஎஃப்8"னு இருக்கும், அதுலயும் அந்த எழுத்து தான இருக்கு, அதனால தெனமும் ராத்திரி அலர்ட் அடிக்கும். சரின்னு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் வச்சு இறுக்கினா "-இ", "-இசி"ன்னு சுருக்கி அடிக்கவன் தப்பிச்சிருவான், பவர்ஷெல் அதையும் ஏத்துக்கிடும். அதனால ஒவ்வொரு ரூலு பக்கத்துலயும் ரெண்டு சாம்பிள் ஃபைல் வைங்க. ஒண்ணுல கண்டிப்பா அடிக்கவேண்டிய லாகு, எல்லா சுருக்கத்தோடயும். இன்னொண்ணுல அடிக்கவே கூடாத லாகு, அந்த ஜவுளிக்கடை ஸ்கிரிப்ட் மாதிரி. செயின்சா, சிர்கோலைட் மாதிரி டூல் சிக்மா ரூல நேரா இவிடிஎக்ஸ் (விண்டோஸ் லாகு) ஃபைல் மேல ஓட்டிரும், சீம் கூட வேண்டாம்.

சாம்பிள நெசமான மிஷின்ல இருந்து எடுங்க, கையால தட்டாதீங்க. ஏன்னா புது ப்ராசஸ் தொடங்கும்போது விண்டோஸ் எழுதுத ஈவண்ட் 4688ல கமாண்ட்லைன் தானா வராது, பாலிசில தனியா ஆன் பண்ணணும். அது காலியா கெடந்தா ரூலு எவ்ளோ சுத்தமா எழுதினாலும் அடிக்காது, எரரும் வராது. அதே மாதிரி சிக்மால "இமேஜ்"னு எழுதுத ஃபீல்டு 4688ல "நியூ ப்ராசஸ் நேம்"னு வரும், கன்வெர்ட் பண்ணும்போது சரியான மேப்பிங் குடுக்கலன்னா குவெரி அழகா வரும், ஒண்ணும் சிக்காது. அதனால சாம்பிள் லாக ஒரு டெஸ்ட் இண்டெக்ஸ்ல ஏத்தி, மாத்தின குவெரியையும் ஒருக்க ஓட்டணும்.

இதுக்கு மேல சிஐ (தானா ஓடுத செக்) சின்ன சோலி தான். புல் ரிக்வெஸ்ட் (பிஆர், மாத்தினத சேக்கச் சொல்லிக் கேக்குதது) வந்தா சிக்மா செக், ரெண்டு சாம்பிள் டெஸ்ட், கன்வெர்ட். மெர்ஜ் ஆனா ஏபிஐ வழியா சீமுக்கு போவும். அத்தோட கன்சோல்ல ரூல எடிட் பண்ணுத பர்மிஷன எல்லார்ட்ட இருந்தும் பிடுங்கிருங்க, இல்லன்னா ராத்திரி ஷிப்ட்ல ஒருத்தன் அங்கன மாத்துவான், அடுத்த டிப்ளாய்ல அது அழிஞ்சிரும், பெறவு சண்டை.

நேரம் பாத்து அடிக்குத ரூல்னா யுடிசிய (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால உள்ள உலகப் பொது நேரம்) பாத்துக்கிடுங்க. ராத்திரி 10ல இருந்து காலைல 6னு நெனச்சு 22-06னு போட்டா, நம்ம கணக்குல அது 3:30ல இருந்து 11:30, கடை தொறந்து லாகின் பண்ணுதவன் எல்லாம் சிக்குவான், நடுராத்திரி வாரவன் போயிருவான். 16:30-00:30னு போடணும். லீவுநாள் லிஸ்டும் ரெப்போலயே ஒரு ஃபைலா இருக்கட்டும், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு இங்க உள்ளூர் லீவுன்னு பெங்களூர்ல இருக்கவனுக்கு எப்படி தெரியும்? எக்ஸெப்ஷன் போட்டா யாரு கேட்டா, எப்ப முடியும்னு தேதியோட போடுங்க, தேதி தாண்டினா சிஐ ஃபெயில் ஆவணும்.

கடைசியா, மெர்ஜுக்கு முன்னால புது ரூல பழைய லாக்ல ஓட்டிப் பாருங்க. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிஇஆர்டி-இன் 2022ல போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாகு வச்சிருக்கணும், அப்ப சரக்கு கைல இருக்கு. அதுல நெசமாவே ஏதாச்சும் சிக்கிட்டுன்னா பிஆர அப்படியே போட்டுட்டு லீடுக்கு போன் அடிங்க, கண்ணுல பட்ட நேரத்துல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள சிஇஆர்டி-இன்னுக்கு ரிப்போர்ட் போவணும்.