வேகத்தை விட்டதும் கூட்டம் நிலைத்தது

புதுச்சேரியில் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போவார்கள். காரணம் கண்ணெதிரே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு பக்கமாக ஓடுவோம். வேகமானவர்கள் முன்னால் பறந்துவிடுவார்கள், மெதுவாக வருகிறவர் லாரிகளோடு தனியாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அப்புறம் எப்படி வருவார்?

பொறுப்பு என் கைக்கு வந்ததும் ஓட்டத்தை ஊருக்குள் கடலோரமாக இருக்கும் கடற்கரைச் சாலைக்கு மாற்றினேன். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகள் கிடையாது. சாலை ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது, அதுதான் வசதியே. தூரக் கணக்கு வேண்டாம், 40 நிமிடம், அவரவர் வேகத்தில் போய்த் திரும்பி ஓட வேண்டும். வேகக்காரரும் நடந்து ஓடுகிறவரும் காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே எதிரெதிரே பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "வாங்க அக்கா, விடாதீங்க!" என்று குரல் வரும். யாரும் பின்தங்கியதாகவே தெரியாது.

புதியவர்களுக்கு ஒரே விதி: ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். திணறினால் நடக்கலாம். நம் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை சட்டென்று காயாது, உடல் சூடு இறங்காது. கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பினால் தலைசுற்றல்தான்.

நான் கடைசி ஆளோடு ஓடுகிறேன். என் நேரம் கெட்டுப்போனது உண்மை. சரி, போகட்டும். வீட்டுக் கதை, வேலைக் கதை எல்லாம் அங்கேதான் கிடைக்கிறது, தனியாக ஓடிய காலத்தில் இந்தச் சுவை இல்லை. மே மாதத்தில் மட்டும் காலை 5 மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.