வேட்பாளர் ஆகும் முன்பே தொடங்கும் செலவுக் கணக்கு: டெல்டா தொகுதிகளுக்கு ஒரு கையேடு

சீட் கிடைக்கும் என்ற பேச்சு காதில் விழுந்ததும் பலர் போஸ்டர் அடிப்பவரைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் தேடவேண்டியவர், ராத்திரி பதினோரு மணிக்கும் தூங்காமல் உட்கார்ந்து அன்றன்றைய பில்லை அன்றன்றே எழுதிவைக்கும் ஒருவர். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த பையன் என்று யாராவது ஒருவர் போதும். ஆனால் அவருக்கு அது ஒன்றே வேலையாக இருக்கவேண்டும். கூட்டம் சேர்ப்பவரிடமே கணக்கையும் கொடுத்தால் இரண்டும் கெடும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 77-இன்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, அந்த இரண்டு நாட்களையும் சேர்த்து, வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செய்த, செய்ய அனுமதித்த எல்லாச் செலவுக்கும் தனிக் கணக்கு வேண்டும். 2022 ஜனவரியில் உயர்த்தியபடி தமிழ்நாட்டில் வரம்பு சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இது 30 லட்சத்து 80 ஆயிரமாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரம்பைத் தாண்டுவது பிரிவு 123(6)-இன்படி ஊழல் நடவடிக்கை. ஜெயித்த பிறகும் தேர்தல் வழக்கில் பதவியைப் பறிக்க இது ஒன்று போதும்.

அப்படியென்றால் மனு போடும் முன் செய்யும் செலவு? இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பார்ப்பது, மண்டபம் பிடித்து ஆலோசனைக் கூட்டம் போடுவது, காலண்டர் கொடுப்பது எல்லாம் மனு போடும் முன்பே நடந்து முடிந்துவிட்டால் வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் முன்கூட்டியே வாங்கிவைத்து, மனுவுக்குப் பின் பயன்படுத்தும் பொருள் முழுக்க உள்ளே வரும். ஜனவரியில் அடித்த துண்டுப் பிரசுரம் ஏப்ரலில் தெருவில் பறந்தால் அது ஏப்ரல் செலவு. எனவே மனு தாக்கலுக்கு முந்தைய நாள் ராத்திரி கையிருப்பை எண்ணுங்கள். கொடி எத்தனை, துண்டு எத்தனை, தொப்பி எத்தனை, நோட்டீஸ் எத்தனை கட்டு, எந்தத் தேதியில் எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கியது என்று பில்லோடு ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவையுங்கள். மனு தாக்கலுக்குப் போகும் ஊர்வலம் அந்த நாளுக்குள் வருவதால் வேன், மேளம், வெடி, டீ எல்லாம் கணக்கில் ஏறும். மேளதாளத்தோடு தாலுகா அலுவலகம் போய், முதல் நாளே இரண்டு லட்சத்தை இழந்து நிற்பது நல்ல தொடக்கம் இல்லை.

மனு போடுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகத் தேர்தலுக்கென்றே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கவேண்டும். வேட்பாளர் பெயரில் தனியாக இருக்கலாம், அல்லது தேர்தல் முகவரோடு கூட்டுக் கணக்காக இருக்கலாம். மனைவி, மகன், அண்ணன் பெயரைச் சேர்க்கக்கூடாது. அவர்களே தேர்தல் முகவராக இருந்தால் மட்டும் சேர்க்கலாம். கூட்டுறவு வங்கி, அஞ்சலகக் கணக்கும் செல்லும். ஒரு நாள் முன்னதாக என்பது சட்டப்படி உள்ள கடைசி எல்லைதான். வங்கி விடுமுறை, செக் புத்தகம் வரத் தாமதம் எல்லாவற்றையும் நினைத்து ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். சொந்தப் பணம், கட்சி கொடுத்தது, நண்பர் தந்தது எல்லாம் முதலில் இந்தக் கணக்குக்குள் வந்து, பிறகு வெளியே போகவேண்டும். ஒரே ஆளுக்கு, ஒரே கடைக்கு தேர்தல் முடியும்வரை மொத்தமாகத் தரவேண்டியது 10,000 ரூபாய்க்குள் என்றால் இந்தக் கணக்கிலிருந்து எடுத்து ரொக்கமாகத் தரலாம். அதற்கு மேல் போனால் கணக்கில் மட்டும் வரவாகும் கோடிட்ட காசோலை, அல்லது வங்கி வழிப் பரிமாற்றம். டீக்கடைக்காரருக்கு நாளுக்கு 900 ரூபாய் வீதம் கொடுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் நாள் வரம்பு உடைந்துவிடும். யாரும் கவனிக்காத ஓட்டை இது. தினமும் போகும் டீக்கடை, டீசல் பங்க், சாப்பாட்டு மெஸ் மூன்றுக்கும் முதல் நாளிலிருந்தே வங்கி வழியாகத் தருவது பாதுகாப்பு.

நன்கொடையும் ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது. கொடுத்தவர் பெயர், முகவரி எழுதியே ஆகவேண்டும். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010, தேர்தல் வேட்பாளர் வெளிநாட்டுப் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகன். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட பால்ய நண்பர் அப்படி இல்லை. எவ்வளவு பாசமாக அனுப்பினாலும் அந்தப் பணத்தைத் திருப்பிவிடுங்கள்.

கணக்கு எழுதும் பதிவேட்டை மனு தாக்கலின்போது தேர்தல் நடத்தும் அலுவலர் கொடுப்பார். வெள்ளைத் தாள்களில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாள்களில் ரொக்கம், மஞ்சள் தாள்களில் வங்கி. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். வெள்ளைத் தாளில் 12,400 செலவு என்று இருந்து, மஞ்சளிலும் இளஞ்சிவப்பிலும் சேர்த்து 11,900 மட்டும் வெளியே போயிருந்தால் மீதி 500 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வவுச்சருக்கு வரிசை எண் போட்டு, வேட்பாளரோ முகவரோ ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடவேண்டும். தபால், ரயில் பயணம் போல ரசீது வாங்க வழியில்லாதவற்றுக்கு மட்டும் விலக்கு.

நீங்கள் எழுதும் அதே நேரத்தில் தேர்தல் அலுவலர்களும் உங்கள் கணக்கை எழுதுகிறார்கள். உங்கள் கூட்டத்துக்கு வரும் வீடியோ கண்காணிப்புக் குழு எத்தனை நாற்காலி, எத்தனை மின்விளக்கு, மேடையின் நீள அகலம், எத்தனை வண்டி, அவற்றின் எண் என்று குரலோடு பதிவு செய்யும். அதைப் பார்க்கும் குழு எண்ணிக் கொடுக்க, கணக்குக் குழு அதை நிழல் பதிவேட்டில், அதாவது உங்கள் செலவை அவர்கள் தனியாக எழுதிவரும் பதிவேட்டில், ஏற்றும். விலை போடுவது மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர், கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசி வெளியிடும் விலைப்பட்டியலின்படி. பந்தல் சதுர அடிக்கு எவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு எவ்வளவு, சால்வை, ஆளுயர மாலை, சாம்பார் சாதப் பொட்டலம், டாடா ஏஸ் நாள் வாடகை என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குக் கட்சியிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். சொந்த ஊர்ப் பந்தல்காரர் எவ்வளவுக்குப் போடுகிறார் என்று தெரியாதவர் போனால் நகர விலையை ஒப்புக்கொண்டு வந்துவிடுவார். அப்புறம் மூன்று வாரமும் அந்த விலைதான்.

டெல்டாவில் மக்களவைக்கு நிற்பவருக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி. மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்றும் தஞ்சாவூர் மாவட்டம். சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார் மயிலாடுதுறை மாவட்டம். தஞ்சாவூர் தொகுதிக்குள் மன்னார்குடி வருகிறது, அது திருவாரூர் மாவட்டம். இரண்டு மாவட்டத்துப் பட்டியலையும் வாங்கி, செலவு எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கத்து விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை பதிவேட்டை எடுத்துக்கொண்டு, செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் போகவேண்டும். தேதி முன்பே சொல்லப்படும். போகாவிட்டால் நோட்டீஸ் வரும். அப்புறமும் போகாவிட்டால் வாகன அனுமதியை ரத்து செய்வார்கள். உங்கள் கணக்குக்கும் நிழல் பதிவேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் எழுத்துமூலம் கேட்பார்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பதில் தரவேண்டும். பதில் தராதது ஒப்புக்கொண்டதாகிவிடும். நாற்காலி 2,000 என்று அவர்கள் எழுதியிருக்க, உண்மையில் 1,200 தான் போட்டீர்கள் என்றால் வாடகைக் கடை பில், மைதானத்தின் புகைப்படம், கடைக்காரர் கையெழுத்து மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு கூட்டத்தையும் உங்கள் ஆளும் செல்போனில் படம் எடுத்துவைக்கவேண்டும்.

நட்சத்திரப் பேச்சாளர், அதாவது பிரசாரத்துக்கெனக் கட்சி பட்டியலிட்டுத் தரும் தலைவர், வருகை பெரிய செலவு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கு 20 பேர். அறிவிக்கை வந்த ஏழு நாட்களுக்குள் கட்சி பட்டியல் கொடுத்திருந்தால் அவர்களுடைய பயணச் செலவு உங்கள் தலையில் விழாது. மேடைச் செலவு விழும். தஞ்சாவூர் திலகர் திடலில் தலைவர் பேசுகிறார், மேடையில் ஆறு வேட்பாளர்கள் நிற்கிறார்கள் என்றால் கூட்டச் செலவு ஆறாகப் பிரியும். நீங்கள் வராமல் இருந்தாலும் உங்கள் படமோ பெயரோ அங்கே பேனரில் இருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. மேடையேறும் முன் எத்தனை பேர் பங்கு என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டின் அசல் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கவேண்டும். பத்து வண்டிக்கு அனுமதி வாங்கி ஆறு மட்டும் ஓட்டினால், மீதி நான்கின் அனுமதியை எழுதிக்கொடுத்துத் திருப்பி ஒப்படையுங்கள். இல்லையென்றால் பத்தும் தினமும் ஓடியதாகவே கணக்கு ஏறும். நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் நான்கு வண்டிக்கு இருபது நாளில் 2,40,000 ரூபாய், ஓடாத வண்டிக்கு!

வாக்குப்பதிவு நாளை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. தொகுதியில் 270 பூத் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மீட்டருக்கு அப்பால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நிழலுக்கு ஒரு துணி, உட்காருபவர்களுக்குச் சாப்பாடு, உள்ளே இருக்கும் ஏஜென்டுக்குப் படி என்று 1,500 ரூபாய் வந்தால் மொத்தம் 4,05,000. வரம்பில் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விடுகிறது. பிரசாரத்தின் நடுவில் 36 லட்சத்தைத் தொட்டுவிட்டவர் இந்த நாளில் என்ன செய்வார்? இந்தத் தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியில் பிரசாரத்தைத் திட்டமிடுங்கள்.

அச்சு வேலைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 127ஏ உண்டு. நோட்டீஸிலும் போஸ்டரிலும் அச்சகத்தார் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்கவேண்டும். வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழி தரவேண்டும். அச்சகத்தார் அச்சிட்ட மூன்று நாளுக்குள் பிரதிகளைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகநூல், யூடியூப் விளம்பரத்துக்குக் கட்டும் பணமும், மீம் போடும் பையன்களுக்குத் தரும் சம்பளமும் கணக்கில் வரும். குற்ற வழக்கு உள்ளவர் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிடவேண்டிய அறிவிப்பும் அவருடைய செலவுதான்.

ஊர் இளைஞர் நற்பணி மன்றம் உங்களைக் கேட்காமல் பேனர் வைத்துவிட்டால்? எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேட்பாளருக்காகச் செலவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 176-இன்படி குற்றம். தெரிந்த அன்றே தேர்தல் நடத்தும் அலுவலருக்கு மறுப்புக் கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிவையுங்கள். பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வாக்காளருக்குக் கொடுக்கும் பணமும் பொருளும் எந்த வரம்புக்குள்ளும் வராது, அது லஞ்சம். 2016 மே மாதம் நடக்கவேண்டிய தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலே இந்தப் புகாரில் ரத்தாகி, நவம்பர் 19 அன்றுதான் நடந்தது. ஆரத்தித் தட்டில் நூறு ரூபாய் போடுவது மரியாதைதானே என்பார்கள்; பறக்கும் படையின் கேமராவுக்கு அது வாக்காளருக்குக் கொடுத்த பணம். கைகூப்பி நகர்ந்துவிடுவதே வழி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் அரிசி மூட்டை கொடுக்கும் ஆசை வரும். வேட்பாளர் அதைத் தொடக்கூடாது. கோயில் அன்னதானம், கல்யாண வீடு, கருமாதி வீடு வேறு. வழக்கமாக நடப்பது, நீங்கள் பணம் தரவில்லை, அங்கே ஓட்டுக் கேட்கவில்லை என்றால் விருந்தினராகப் போய் இலையில் உட்காரலாம். மைக்கைப் பிடித்தால் செலவு உங்களுடையது.

வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் ஆகும். 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருள் இருந்தாலும் அதே கதி. உளுந்து விற்ற பணம் என்று சொன்னாலும் கரைவேட்டி கட்டியிருந்தால் பேச்சு எடுபடாது.

முடிவு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தரவேண்டும். 2024 ஜூன் 4 அன்று முடிவு வந்த மக்களவைத் தேர்தலுக்கு ஜூலை 4 கடைசி நாள். 26-ஆம் நாள் ஒப்பீட்டுக் கூட்டம் கூட்டி நிழல் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்கச் சொல்வார்கள். தவறவிடாதீர்கள், பேசித் தீர்க்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். அசல் பதிவேடு, வவுச்சர்கள், வங்கி அறிக்கை, சுருக்க அறிக்கை, வேட்பாளரே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஐந்தும் சேர்ந்தால்தான் கணக்கு. தோற்றவரும், டெபாசிட் இழந்தவரும், சுயேச்சையும், ஒரு ரூபாயும் செலவு செய்யாதவரும் கொடுத்தே ஆகவேண்டும். தக்க காரணம் இல்லாமல் கொடுக்காதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 10ஏ-இன்படி மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். ஓட்டு வாங்கியவருக்கும் விலக்கு இல்லை: உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்எல்ஏ உம்லேஷ் யாதவ், காசு கொடுத்துப் போட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததால் 2011-இல் பதவியில் இருக்கும்போதே தகுதிநீக்கம் ஆனார்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு முழு நகல் வீட்டில் இருக்கட்டும். தேர்தல் வழக்குப் போட முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த கணக்கை ஒரு ரூபாய் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் செலுத்தி நகலும் எடுக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் வாங்குவது அந்த நகலைத்தான்.