கக்குகிறது என்று பாலைக் குறைக்காதீர்கள்

பால் குடித்த பச்சைக்குழந்தை கக்கி, தோளில் போட்ட துண்டு நனைந்தால் போதும், "குடிச்ச பால் பூரா வெளிய வந்துடுச்சே" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு டீஸ்பூன் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெறும் 5 மில்லி எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்று தெரியும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் பச்சைக்குழந்தைக்கு இன்னும் வலுவாகியிருக்காது, அதனால் பால் மேலே வருகிறது. நாலாம் மாதம் வாக்கில் இது அதிகமாக இருக்கும். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கினாலும் குழந்தை தெளிவாக இருந்து, எடையும் ஏறினால் மருந்தே வேண்டாம்.

எடை ஏறாவிட்டால்தான் விஷயம் வேறு. அப்போது பலரும் செய்வது, கக்கும் என்ற பயத்தில் பால் கொடுப்பதையே குறைப்பது. என் கணக்கில் இதுதான் ஆகப் பெரிய தவறு. முதல் மாதங்களில் இரவு பகலாக 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். "பக்கத்துக்குப் பத்து நிமிஷம்" என்று கடிகாரம் பார்க்கவும் கூடாது. மார்பு காலியாகக் காலியாகத்தான் பாலில் கொழுப்பு கூடும். ஒரு பக்கம் குடித்துத் தானாக விட்ட பிறகு மறுபக்கம் கொடுங்கள்.

அப்புறம் பிடிப்பைப் பாருங்கள். காம்பை மட்டும் கவ்வினால் பால் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகும். வாய் அகலத் திறந்து, கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போய், தாடை மார்பில் பதிய வேண்டும். குடித்து முடித்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒருபக்கம் நசுங்கியிருந்தால் பிடிப்பு சரியில்லை.

"பால் பத்தலை" என்று நாமாகவே பவுடர் பால் சேர்த்தால், மார்பு காலியாகாமல் சுரப்பும் குறையும். கூடுதல் பால் தேவை என்று டாக்டர் சொன்னால், முதலில் தாய்ப்பாலைப் பீச்சிப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டலாமா என்று கேளுங்கள். அரிசி மாவு கலந்து கெட்டியாக்குவதும் வீண் வேலை. தாய்ப்பாலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். ஆறு மாதம் முடியும்வரை கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். வசம்பைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது இன்னும் ஆபத்து. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால், நரம்பைத் தாக்கும் நச்சு உருவாகலாம்.

"தொக்கம் விழுந்திருக்கு" (குடித்தது உள்ளே சிக்கிக்கொண்டது), "குடலேத்தம்" (குடல் மேலே ஏறிவிட்டது) என்று சொல்லி, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போவதை அடியோடு நிறுத்த வேண்டும். தொண்டையில் ஊதுவதாலும் விரல் விடுவதாலும் காயமும் தொற்றும்தான் வரும். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

குடித்ததும் இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். குடித்த கையோடு குளிப்பாட்ட வேண்டாம். தூங்கும்போது தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்வாகவோ குப்புறவோ போடாமல், சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

தினமும் எடை பார்ப்பவர்களுக்கு நிம்மதி போய்விடும். ஒரே தராசில், துணியில்லாமல், வாரம் ஒருமுறை போதும். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை முதல் நாட்களில் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதங்களில் சராசரியாக நாளுக்கு 20-30 கிராம் ஏறும். முதல் வாரத்துக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டுவிட்டு, தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், தோலில் தடிப்பு இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் தாயைச் சில வாரம் பால், தயிர் நிறுத்தச் சொல்வார். அதுவரை பத்தியம் என்று அவளைப் பட்டினி போட வேண்டாம். கடையில் கேட்டு அமிலக் குறைப்புச் சொட்டு மருந்து வாங்குவதும் கூடாது.

வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலும், ஒவ்வொரு முறையும் பீச்சியடித்தாலும், சிறுநீர் குறைந்து குழந்தை துவண்டாலும், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும் சரி.